சீமை அத்தி: குச்சியிலிருந்து கன்று வரை

வீட்டில் கன்று உண்டாக்கப் பழகுகிறவர் முதலில் எடுக்க வேண்டியது அத்திக் குச்சிதான். மாவைப் போல ஒட்டுக் கட்டத் தேவையில்லை. பென்சில் பருமனில் ஒரு சாண் குச்சி கிடைத்தால் இரண்டு மாதத்தில் கன்று ஆகிவிடும். அப்படி இருந்தும் வீடுகளில் அத்திக் குச்சி நிறையவே சாகிறது. சாகிற விதமும் எல்லா வீட்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நட்ட பத்துப் பதினைந்து நாளில் பச்சையாக இரண்டு இலை விடும். வீட்டில் எல்லோரும் வந்து பார்ப்பார்கள். அந்தச் சந்தோஷத்தில் தண்ணீர் ஒரு கை கூடுதலாக விழும். அடுத்த வாரம் இலை தொய்யும். தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று மறுபடி ஊற்றுவார்கள். அதற்கடுத்த வாரம் குச்சியைப் பிடித்து இழுத்தால் கீழ்ப்பாதி கறுத்து, பட்டை வழுவழுவென்று கழன்று கையோடு வரும்.

நடந்தது இதுதான்: இலை வந்தது, வேர் வரவில்லை. குச்சிக்குள் சேர்ந்திருந்த மாவுச்சத்தையும் தண்டில் மிச்சமிருந்த ஈரத்தையும் வைத்தே மொட்டு விரிந்துவிட்டது. வேரில்லாத குச்சியால் நீங்கள் ஊற்றுவதில் மிகக் கொஞ்சம்தான் உறிஞ்ச முடியும். மீதித் தண்ணீர் கலவையில் உள்ள காற்றை வெளியேற்றிவிட்டு அங்கேயே நிற்கும். வெட்டுவாய் மூச்சு முட்டி அழுகும். ஆகவே வேர் வரும் வரை நமக்கு உள்ள வேலை இரண்டு: குச்சி உலராமல் பார்த்துக்கொள்வது, அடியில் காற்றுப் போக விடுவது. இந்த அத்தியாயத்தில் வரும் மற்ற எல்லாமே இந்த இரண்டுக்காகத்தான்.

எந்த மரத்தில் வெட்டுவது

ஆற்றங்கரையிலும் கோயில் நந்தவனத்திலும் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தொங்குவது நாட்டு அத்தி. அதன் பழத்தைப் பிட்டால் உள்ளே சிறு குளவிகள் இருக்கும். ‘அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு’ என்ற பழமொழி அந்த மரத்துக்குத்தான் பொருந்தும். நாம் வளர்க்கப் போவது சீமை அத்தி. இலை விரல்களாகப் பிரிந்து, தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் ஒன்றோ இரண்டோ காய்க்கும்.

சீமை அத்தியிலும் எல்லா மரமும் நமக்கு உதவாது. சில வகைகள் மகரந்தமே இல்லாமல் காயைப் பழுக்கவைக்கும். ஸ்மிர்னா வகை அப்படியில்லை. ஆண் அத்தியிலிருந்து ஒரு நுண்ணிய குளவி மகரந்தம் சுமந்து வந்து காய்க்குள் நுழைந்தால்தான் காய் மரத்தில் தங்கும். 1880களில் கலிபோர்னியாவில் துருக்கியிலிருந்து ஸ்மிர்னாக் குச்சிகளை ஆயிரக்கணக்கில் வரவழைத்து நட்டார்கள். வேர் பிடித்தது, மரமானது, காயும் விட்டது. ஆனால் பிஞ்சுகள் பழுக்காமலே உதிர்ந்தன. 1899-இல் ஃபிரெஸ்னோ பகுதியில் அந்தக் குளவியைக் குடியேற்றிய பிறகுதான் பழம் கண்டார்கள். நம் ஊர் நாட்டு அத்திக் குளவி வேறு இனம். அது சீமை அத்திக்கு இந்த வேலையைச் செய்யாது.

உலர் அத்திப்பழத்தின் விதையைப் போட்டு முளைக்கவைக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. முளைக்கும், நன்றாகவே முளைக்கும். ஆனால் கடையில் கிடைக்கும் துருக்கி உலர்பழம் பெரும்பாலும் ஸ்மிர்னா வகை. அதன் விதையில் ஏறத்தாழ பாதி ஆண் மரமாகப் போகும். மீதியும் குளவி இல்லாமல் காய் உதிர்க்கக்கூடும். நாலைந்து வருடம் தண்ணீர் ஊற்றிவிட்டு அதைத் தெரிந்துகொள்வதில் எனக்குச் சம்மதமில்லை. குச்சியில் வரும் கன்று தாய்மரத்தின் அச்சு. தாய் குளவி இல்லாமல் பழம் கொடுத்தால் கன்றும் கொடுக்கும்.

நம் நாட்டில் பரவலாகக் கிடைக்கும் பூனா அத்தி, டயானா, பிரவுன் டர்க்கி மூன்றும் குளவி கேட்காதவை. புனே பக்கத்துப் புரந்தர் வட்டாரத்தில் ஏக்கர் கணக்கில் விளைவது பூனா வகைதான். புரந்தர் அத்திக்கு 2016-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெயரைவிட நம்பகமானது நாக்கு. தெருவிலோ சொந்தக்காரர் வீட்டிலோ நீங்கள் பழம் தின்று பார்த்த மரம் இருந்தால் அங்கேயே கேட்டு வாங்குங்கள். அந்த மரம் உங்கள் ஊர் வெயிலிலும் மழையிலும் காய்த்துக் காட்டிவிட்டது.

வெட்டும் முன் இலையைப் பாருங்கள். மஞ்சள் திட்டுகள் ஓரம் தெளிவில்லாமல் படர்ந்து, இலையும் கோணலாக இருந்தால் அது தேமல் நோய். வைரஸால் வருவது, குச்சி வழியாக அப்படியே கன்றுக்குப் போகும், மருந்து கிடையாது. அந்த மரத்தை விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் இலையின் அடியில் பழுப்புப் பொடி தட்டும் துரு நோய்க்கு இவ்வளவு பயப்பட வேண்டாம். அது இலையோடு நிற்பது. இலையைக் கிள்ளிவிட்டுக் குச்சியைக் கழுவிப் பயன்படுத்தலாம்.

காலம்

சமவெளியில் அத்தி மார்கழியில் இலை உதிர்த்துக் கொஞ்சம் ஓய்வெடுக்கும். தை பிறந்ததும் மொட்டு உப்பத் தொடங்கும். அதற்குச் சற்று முன், மரத்தைக் கவாத்து செய்யும்போது விழும் குச்சிதான் முதல்தரம். அப்போது மாவுச்சத்து தண்டில் நிறைந்திருக்கும், இலை இருக்காது, வெயிலும் கடுமையாக இருக்காது. தை, மாசி இரண்டும் கைகொடுக்கும் மாதங்கள்.

பங்குனி கடைசியிலிருந்து வைகாசி வரை தவிர்த்துவிடுங்கள். வேர் பிடிக்க 22 முதல் 28 டிகிரி சூடு நல்லது. 35-ஐத் தாண்டினால் வேரைவிட அழுகல் வேகமாக வரும். ஆடியில் காற்று குச்சியை உறிஞ்சிவிடும், வீட்டுக்குள் என்றால் செய்யலாம். ஐப்பசி, கார்த்திகையில் வேர் நன்றாகவே பிடிக்கும், ஆனால் பூஞ்சணமும் சேர்ந்து பிடிக்கும். கொடைக்கானல், ஊட்டி போன்ற மலை ஊர்க்காரர்களுக்குப் பிரச்சினை தலைகீழ். அங்கே குளிரில் குச்சி மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். குளிர்சாதனப் பெட்டியின் தலைமேல் இளஞ்சூடு இருந்தால் அங்கே வைப்பது உதவும்.

காலம் தவறிக் குச்சி கிடைத்தால் தூக்கிப் போட வேண்டாம். லேசாக ஈரமான காகிதத்தில் சுற்றி, காற்றுப் புகாத உறையில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் வையுங்கள். ஒன்றிரண்டு மாதம் கெடாமல் இருக்கும். காகிதத்தைப் பிழிந்தால் தண்ணீர் வரக்கூடாது.

குச்சியைக் கையில் எடுத்துப் படிப்பது

சென்ற வருடம் வளர்ந்த கிளை வேண்டும். நுனியில் பச்சையாக இருக்கும் பகுதி சீக்கிரம் அழுகும். இரண்டு மூன்று வருடத்துக் கட்டைக்கும் வேர் வரும், ஆனால் நாளாகும். இரண்டுக்கும் நடுவில், பச்சை மங்கிச் சாம்பல் பழுப்புக்கு மாறிய, வளைத்தால் சற்று எதிர்க்கும் பகுதியை எடுங்கள். பருமன் பென்சிலிலிருந்து சுண்டுவிரல் வரை. நீளம் 15 முதல் 20 சென்டிமீட்டர். கணு நான்காவது இருக்க வேண்டும். கணு நெருக்கமாக உள்ள குச்சி எப்போதும் நல்லது. நெடுநெடுவென்று நிழலில் வளர்ந்த கிளையில் கணுக்கள் தள்ளித் தள்ளி இருக்கும், உள்ளே சோறும் அதிகம்.

வெளிச்சத்தில் வைத்துத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு கணுவிலும் தண்டைச் சுற்றி மெல்லிய வளையம் ஒன்று ஓடும். அதில் ஒரு பக்கம் இலை உதிர்ந்த வட்டமான தழும்பு. தழும்புக்கு மேலே மொட்டு. மொட்டு எப்போதும் தழும்புக்கு மேல்தான், ஆகவே எது தலை எது கால் என்று குழம்பினால் இதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். சில கணுவில் இரண்டு மொட்டு அருகருகே இருக்கும். கூம்பு போலக் கூராக இருப்பது இலைமொட்டு. மிளகு போல உருண்டையாக இருப்பது காயாகப் போகிற மொட்டு. உருண்டையை நகத்தால் கிள்ளிவிடுங்கள். வேருக்குப் போக வேண்டிய சத்தை அது தின்றுவிடும். தண்டெங்கும் வெளிறிய சிறு புள்ளிகள் தெரியும். அவை மரம் மூச்சுவிடும் துளைகள். இவற்றைப் பற்றிப் பிறகு பேச வேண்டியிருக்கிறது.

தபாலில் வந்த குச்சி என்றால் முதலில் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். நகத்தால் பட்டையைக் கொஞ்சம் சுரண்டினால் உள்ளே பச்சையாக, ஈரமாக இருக்க வேண்டும். பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே சுரண்டிப் பாருங்கள், பச்சை தென்படும் இடம் வரை வெட்டிவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம். தோல் சுருங்கியிருந்தால் நாலைந்து மணி நேரம் தண்ணீரில் ஊறட்டும். ஒரு நாளுக்கு மேல் போட்டு வைக்காதீர்கள்.

வெட்டுவது எளிது. கத்தரி கூராக இருக்கட்டும், ஸ்பிரிட் தொட்டுத் துடைத்திருக்கட்டும். அடிவெட்டு கடைசிக் கணுவுக்கு அரை விரற்கடை கீழே, சாய்வாக. மேல்வெட்டு முதல் கணுவுக்கு ஒரு விரற்கடை மேலே, நேராக. எல்லாக் குச்சிக்கும் இப்படியே செய்தால் தலைகீழாக நடும் பேச்சே வராது.

வெட்டியதும் பால் வடியும். அந்தப் பாலை அலட்சியம் செய்யாதீர்கள். தோலில் பட்டபடி வெயிலில் நின்றால் அந்த இடம் சிவந்து கொப்புளிக்கும், கறை பல வாரம் நிற்கும். கண்ணில் பட்டால் இன்னும் மோசம். கையுறை போட்டுக்கொண்டு நிழலில் உட்கார்ந்து வெட்டுங்கள், குழந்தைகளைத் தள்ளியே வையுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குச்சியையும் சோப்புத் தண்ணீரில் பழைய பல் துலக்கியால் கணு கணுவாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். மாவுப்பூச்சி மொட்டின் இடுக்கில்தான் ஒளிந்திருக்கும். பிறகு நிழலில் ஒன்றிரண்டு மணி நேரம் கிடந்து வெட்டுவாய் உலரட்டும்.

மேல்வெட்டை அடைக்க வேண்டும். முருங்கைப் போத்து நடும்போது தலையில் சாணி அப்புவது வெட்டுவாய் வழியே ஈரம் போகாமல் இருக்கத்தான். தோட்டத்தில் அது நல்ல வழி. மூடிய டப்பாவுக்குள் வளரும் குச்சிக்கு வேண்டாம், சாணியில் பூஞ்சணம் ஏறும். மெழுகுவத்தியை உருக்கி, சூடு தணிந்து ஓரம் கட்டத் தொடங்கும்போது மேல்நுனியை அரை விரல் முக்கி எடுத்தால் போதும்.

நார்க்கழிவும் காற்றும்

வேர் விடும் கலவையில் சத்து எதுவும் இருக்கக்கூடாது. தோட்ட மண், தொழு உரம், மண்புழு உரம் எதுவும் இப்போது வேண்டாம். சத்து இருக்கும் இடத்தில் நுண்ணுயிர் இருக்கும், வெட்டுவாயில் அதுதான் முதலில் குடியேறும். தோட்ட மண்ணில் இன்னொரு ஆபத்து வேர்முடிச்சு நூற்புழு. சீமை அத்தியின் வேர் அதற்கு மிகவும் பிடித்த தீனி.

தேங்காய் நார்க்கழிவு, அதாவது கடையில் கோகோபிட் என்று கேட்டால் தருவது, நமக்கு எளிதில் கிடைக்கும். 650 கிராம் கட்டி ஊறினால் எட்டு ஒன்பது லிட்டர் அளவுக்கு உப்பும். ஒரு வீட்டுக்கு அது தாராளம். ஆனால் அதில் உப்பு இருக்கலாம். வாளியில் ஊறவைத்து, பழைய வேட்டித் துணியில் கொட்டிப் பிழிந்து, மறுபடி நல்ல தண்ணீரில் ஊறவைத்து என்று மூன்று முறை கழுவுங்கள். பிழிந்த தண்ணீர் தேநீர் நிறத்திலிருந்து வெளிறும் வரை. இதோடு சரிபாதி பெர்லைட் கலந்தால் காற்றோட்டம் கிடைக்கும். பெர்லைட் கிடைக்காத ஊரில் கருக்கிய நெல் உமி அருமையாக வேலை செய்யும். அதுவும் இல்லையென்றால் சலித்துக் கழுவிய பெருமணல். தூள்மணல் கூடாது.

எவ்வளவு ஈரம் என்பதற்குக் கைதான் அளவு. கலவையை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்து நின்றால் சரி. சொட்டுச் சொட்டாக விழுந்தால் பரப்பி ஆறவிடுங்கள். ஈரமே தெரியாமல் உதிர்ந்தால் கொஞ்சம் தெளித்துப் பிசையுங்கள். நடும் நாளில் இதைச் சரியாகச் செய்துவிட்டால் பிறகு பல வாரம் தண்ணீர் ஊற்றும் வேலையே இருக்காது.

தண்ணீரையும் பார்க்க வேண்டும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதுவே சிறப்பு. குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு இரவு திறந்து வைத்த பிறகு பயன்படுத்துங்கள். உப்புக் கரிக்கும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் பல வீட்டில் இருக்கிறது. சுத்திகரித்தபின் மிஞ்சும் உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் சேர்ந்திருக்கிறது. இளவேர் அதைத் தாங்காது.

நடுவது

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும், மேல்பகுதியை வெட்டிவிட்டு 16, 17 சென்டிமீட்டர் உயரம் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தெரிகிற பாத்திரத்தில் நடுவதில் பெரிய லாபம் உண்டு: வேர் வந்ததா என்று குச்சியை இழுத்துப் பார்க்க வேண்டியதில்லை. சூடு காட்டிய ஆணியால் அடியில் ஆறேழு துளையும், அடியிலிருந்து ஒரு விரற்கடை உயரத்தில் பக்கவாட்டில் நான்கு துளையும் போடுங்கள். பக்கத் துளை தண்ணீருக்காக இல்லை, காற்றுக்காக.

அடியில் இரண்டு விரல் உயரம் கலவை போட்டு, குச்சியை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் கலவையைக் கொட்டி, பாட்டிலை மேசையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். கையால் அமுக்காதீர்கள். மேலே ஒரு கணு தெரிந்தால் போதும், நீளமான குச்சியென்றால் இரண்டு. மற்றதெல்லாம் உள்ளே. வேர் அடிவெட்டிலிருந்து மட்டும் வருவதில்லை, புதைந்த கணுக்களிலிருந்தும் வரும். வேர் இருட்டைத்தான் விரும்பும், அதனால் பாட்டிலைச் சுற்றிக் கறுப்புக் காகிதமோ பழைய காலுறையோ மாட்டிவிடுங்கள், பார்க்கும்போது கழற்றலாம்.

நட்ட கையோடு பாட்டிலைச் சமையலறைத் தராசில் வைத்து, எடையை அதன்மேலேயே எழுதிவிடுங்கள். 400 கிராம் இருந்தால், அது 320-க்கு வரும் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம். வந்தபின் பக்கவாட்டு ஓரமாக ஐம்பது மில்லி விடுங்கள். மேல்பரப்பு காய்ந்திருக்கிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும், தராசை நம்புங்கள். தராசு இல்லாதவர்கள் தினமும் ஒருமுறை தூக்கிப் பார்த்தால் ஒரு வாரத்தில் கைக்கே கனம் தெரிந்துவிடும்.

இப்போது உலராமல் காப்பது. பாட்டில்கள் கொள்ளும் அளவு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, இல்லையென்றால் மேலே கவிழ்க்கப் பெரிய பாலிதீன் உறை. வெளிச்சமான இடத்தில், நேர் வெயில் படாமல் வையுங்கள். கிழக்குச் சன்னலுக்கு நாலடி தள்ளி என்றால் பொருத்தம். வெயில் பட்டால் மூடிய பெட்டி அரை மணியில் அவித்துவிடும். தினமும் காலையில் ஐந்து நிமிடம் மூடியைத் திறந்து காற்று மாறவிடுங்கள். உட்சுவரில் மெல்லிய ஆவிப் படலம் இருந்தால் ஈரம் சரி. துளிதுளியாகத் திரண்டு வழிந்தால் அதிகம், மூடியை விரல் அளவு திறந்தே வையுங்கள்.

தபாலில் வந்த அரிய வகை, குச்சி ஒன்றே ஒன்றுதான் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. பிழிந்த ஈர நார்க்கழிவைச் சாப்பாட்டு டப்பாவில் பரப்பி, குச்சியைப் படுக்க வைத்து, மேலேயும் கொஞ்சம் தூவி மூடி, இருட்டு அலமாரியில் வைப்பது. மூன்று நாளுக்கு ஒருமுறை திறந்து பார்க்கலாம். இரண்டு மூன்று வாரத்தில் வேர்முனை தெரிந்ததும் பாட்டிலுக்கு மாற்றுவது. அழுகல் தொடங்கினால் உடனே கண்ணில் படும், வெட்டிக் காப்பாற்றலாம் என்பது இதன் பலன். வேர் வளர்ந்தபின் மாற்றினால் முறியும் என்பது குறை. வேர்முனை அரிசி நீளம் வரும்போதே மாற்றிவிட வேண்டும்.

வேரா, வேறா

இரண்டாம் வாரத்தில் பட்டை மேல் வெள்ளையாக எதுவோ தெரியும். பலரும் வேர் என்று கொண்டாடுவார்கள், அல்லது பூஞ்சணம் என்று பயந்து துடைப்பார்கள். முன்பு சொன்ன மூச்சுத் துளைகளை நினைவில் வையுங்கள். ஈரம் அதிகமான இடத்தில் அவை உப்பி வெடித்து, வெண்பொடி வைத்தாற்போல ஆகும். தண்டெங்கும் சிதறி இருக்கும், தட்டையாக இருக்கும், விரலால் தொட்டால் மாவாக உதிரும். அதனால் கெடுதல் இல்லை. ஈரத்தைக் கொஞ்சம் குறையுங்கள் என்று குச்சி சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம். வேர்முனை அப்படி இராது. கணு வளையத்தை ஒட்டியோ அடிவெட்டுக்கு அருகிலோ பட்டையைக் கிழித்துக்கொண்டு கூராக, பளபளப்பாக, தொட்டால் கெட்டியாக நிற்கும். நாலு நாளில் நூல் கனத்தில் நீளும். பூஞ்சணம் பஞ்சு போலப் படரும், ஊதினால் அசையும்.

பூஞ்சணம் லேசாக இருந்தால் குச்சியைக் கழுவித் துடைத்து, காற்றோட்டத்தைக் கூட்டினாலே அடங்கும். கலவையில் ஒரு சிட்டிகை ட்ரைக்கோடெர்மா விரிடி முன்கூட்டியே கலந்து வைப்பது நல்ல பழக்கம், உரக்கடைகளில் பொட்டலமாகக் கிடைக்கும். அடி கறுத்து வழுவழுத்தால் மருந்து தேட வேண்டாம். கறுப்பு முடிந்து பச்சை தெரியும் இடத்துக்கு மேலே, அடுத்த கணுவுக்குக் கீழே வெட்டி, நிழலில் உலர்த்தி, புதுக் கலவையில் நடுங்கள். இரண்டு கணு மிஞ்சினாலும் பிழைக்கும். கலவை மேல் சிறு கறுப்புக் கொசுக்கள் ஓடினால் அதுவும் அதிக ஈரத்துக்கு அடையாளம். அவற்றின் புழுக்கள் இளவேரைக் கடிக்கும். மேலே ஒரு விரற்கடை காய்ந்த மணல் தூவினால் பெருகாது.

வேர் மருந்துகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இன்டோல் பியூட்ரிக் அமிலம் கலந்த வேர்ப்பொடி கடையில் கிடைக்கிறது, தொட்டு நட்டால் வேர் கொஞ்சம் அடர்த்தியாக வரலாம். அத்திக்கு அது இல்லாமலே வேர் வரும் என்பதால் வாங்கச் சொல்ல மாட்டேன். தேனும் கற்றாழைச் சோறும் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள், தடவாத குச்சியும் அதே அளவு வேர் விடுகிறது. இளநீரில் ஊறவைப்பதை மட்டும் கட்டாயம் தவிருங்கள். இளநீரில் உள்ள சைட்டோகைனின் தளிரைத் தூண்டுவது, வேரைத் தூண்டுவதல்ல. அதிலுள்ள சர்க்கரை பூஞ்சணத்துக்கு விருந்து. வேரில்லாத குச்சியில் இலையை அவசரப்படுத்துவது நாம் முதலில் பார்த்த சாவுக்குத்தான் வழி.

இலை முந்திக்கொண்டால் என்ன செய்வது? எதுவும் செய்யாமல் இருப்பதுதான். தண்ணீர் கூட்டாதீர்கள், வெயிலுக்கு எடுத்துப் போகாதீர்கள், உரம் வைக்காதீர்கள். மூடியைத் திறந்து வைக்கும் நேரத்தைக்கூட நீட்டாதீர்கள். இலை மூன்றுக்கு மேல் போனால் பெரியதில் ஒன்றைப் பாதியாகக் கத்தரிக்கலாம். இலை அப்படியே நின்று, பாட்டில் சுவரில் வேர் தெரியவில்லை என்றால் காத்திருங்கள். நாலு வாரம், சில குச்சிக்கு ஆறு வாரம்.

மூடியைத் திறக்கும் பத்து நாள்

வேர் பாட்டில் சுவரைத் தொட்டு, பக்கக் கிளை விட்டு, சிலது வெண்மை மாறி இளம்பழுப்பாகும்போது கன்று தன் காலில் நிற்கத் தயார். வேர் பழுப்பாவதைப் பார்த்து அழுகுகிறது என்று நினைக்க வேண்டாம். முதிர்ந்த வேரின் நிறம் அது. அழுகிய வேர் கறுத்து, குழைந்து, நாறும்.

ஆனால் இலை இதுவரை ஈரக் காற்றிலேயே பிறந்து வளர்ந்தது. ஒரேயடியாக வெளியே எடுத்தால் மதியத்துக்குள் துவண்டுவிடும். முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு மணி என்று மூடியைத் திறந்து வைத்து, பத்து நாளில் முழுக்க எடுத்துவிடுங்கள். இடையில் இலை தொய்ந்தால் மூடியைப் போட்டுவிட்டு அன்றைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தக் கட்டத்திலிருந்து கன்று உண்மையாகவே தண்ணீர் குடிக்கும். பாட்டிலின் எடை வேகமாக இறங்குவதைப் பார்த்தே அதைத் தெரிந்துகொள்ளலாம்.

மாற்றி நடும்போது கன்றைப் பிடித்து இழுக்கக்கூடாது. அத்தியின் இளவேர் முளைக்கீரைத் தண்டைவிடச் சுலபமாக ஒடியும். பாட்டிலைக் கத்தரியால் மேலிருந்து கீழ் வெட்டிப் பிரித்து, கலவைக் கட்டியோடு தூக்கி வையுங்கள். 8 அங்குலப் பையோ தொட்டியோ போதும். பெரிய தொட்டியில் சின்னக் கன்றை வைத்தால் ஓரத்து மண் பல நாள் காயாமல் கிடக்கும். செம்மண், நன்கு மட்கிய தொழு உரம், நார்க்கழிவு மூன்றும் சமபங்கு, அதோடு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. மண் தோட்டத்திலிருந்து எடுத்தது என்றால் கோடையிலேயே அதை நனைத்துப் பரப்பி, ஒளி ஊடுருவும் பாலிதீன் விரித்து, ஓரங்களை மூடி, நாலைந்து வாரம் வெயிலில் வேகவைத்து எடுங்கள். நூற்புழு வெகுவாகக் குறையும்.

ஒரு வாரம் நிழலில், அடுத்த வாரம் காலை வெயிலில் இரண்டு மணி நேரம், பிறகு பாதி நாள். புதுத் தளிர் இரண்டு விட்டபின் முழு வெயில். அத்தி வெயில் மரம், நிழலில் வைத்தால் உயரமாகப் போகும், காய்க்காது. மாடியில் வைப்பவர்கள் தொட்டியைத் தரையிலிருந்து செங்கல் மேல் தூக்கி வையுங்கள். சுடும் தளம் வேரை வேகவைக்கும்.

முதல் வருடத்திலேயே கணுவில் காய் எட்டிப் பார்க்கும். மனசு வராதுதான், ஆனாலும் கிள்ளிவிடுங்கள். ஒரு காயைப் பழுக்கவைக்கும் செலவில் அந்தக் கன்று ஒரு கிளையை உண்டாக்கும். தரையில் நடுவதாக இருந்தால் தண்டு கட்டைவிரல் பருமன் ஆகட்டும். மழை தொடங்கும்போது, சுவரிலிருந்தும் கழிவுநீர்க் குழாயிலிருந்தும் தள்ளி, இரண்டடிக் குழி எடுத்து, அடுத்த மரத்துக்கு 5 மீட்டர் இடம் விட்டு நடலாம். தொட்டியில் இருந்த மட்டத்தைவிட ஒன்றிரண்டு கணு கூடுதலாக மண்ணுக்குள் போகட்டும். அந்தக் கணுக்களும் வேர் விடும். ஏதாவது காரணத்தால் மேல்தண்டு காய்ந்து போனாலும் கீழே இருக்கும் மொட்டிலிருந்து மரம் மறுபடி கிளம்பும்.